பாட்டுக்கு முந்தைய பத்து நொடி: அனிமே எண்டிங் பாடல்கள் மனதில் நிற்பது எப்படி

1987இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த 'சிட்டி ஹன்டர்' என்ற அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) முதல் சீசனில் எபிசோடுகளின் கடைசி நிமிடத்தைக் கவனியுங்கள். வழக்கு முடிந்திருக்கும். நாயகன் ரியோவோ அவன் கூட்டாளி காவோரியோ ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் 'கெட் வைல்ட்' பாட்டின் இன்ட்ரோ அடியில் நுழைந்துவிடும். இசை ஏற ஏறக் காட்சி நடந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் படம் அப்படியே உறைந்து நிற்க, பெயர்கள் வரத் தொடங்கும், குரலும் சேர்ந்துகொள்ளும். பாட்டு எந்த நொடியில் ஆரம்பித்தது என்று கேட்டால் பார்த்தவருக்கே சொல்லத் தெரியாது.

அனிமே எண்டிங் பாட்டு, அதாவது எபிசோட் முடிவில் பெயர்ப் பட்டியலோடு வரும் பாட்டு, ஏன் இருபது முப்பது வருடம் கழித்தும் நினைவில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மெட்டு நன்றாக இருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல மெட்டுள்ள எண்டிங் பாட்டுகள் வருடத்துக்குப் பத்துப் பதினைந்தாவது வருகின்றன. அவற்றில் நிலைப்பவை கதையும் பாட்டும் சேரும் அந்த ஒட்டு கவனமாகச் செய்யப்பட்டவை.

'கெட் வைல்ட்' டிஎம் நெட்வொர்க் குழுவின் பாட்டு. இசை தெத்சுயா கொமுரோ, வரிகள் மித்சுகோ கொமுரோ, குரல் தகாஷி உத்சுனோமியா. கதை முடிந்ததும் விளம்பரம் போட்டு, அதற்குப் பிறகு எண்டிங் போட்டால் பார்வையாளர் அதற்குள் சேனலை மாற்றிவிடுவார். இன்ட்ரோவைக் கதைக்குள்ளேயே தொடங்கிவிட்டால் எழுந்து போக இடைவெளி கிடைப்பதில்லை. இந்தப் பாட்டுக்கு ஜப்பானில் இருக்கும் ஆயுள் வியப்பானது. 2017இல், பாட்டுக்கு 30 வயதானபோது, இந்த ஒரே பாட்டின் 36 வடிவங்களை 4 சிடிகளில் தொகுத்து வெளியிட்டார்கள். அலுவலகம் விட்டுக் கிளம்பும்போது இதைக் காதில் போட்டுக்கொண்டு நடப்பது சமூக வலைத்தளங்களில் ஒரு வழக்கமாகவே ஆனது. வேலை முடிந்தது, நாயகன் நடந்து போகிறான் என்ற அந்த உணர்வை ஊட்டியது பாட்டு மட்டுமில்லை, அது ஒட்டப்பட்டிருந்த இடமும்தான்.

இந்த உத்தியைப் பின்னாளில் மிகத் துல்லியமாகச் செய்த தொடர் 2012இல் வந்த 'ஜோஜோ'. அதன் எண்டிங், யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1971இல் வெளியிட்ட 'ரவுண்டபவுட்'. தன் பாத்திரங்களுக்கே மேற்கத்திய இசைக்குழுக்களின் பெயரை வைக்கும் அளவுக்கு ராக் ரசிகரான ஹிரோஹிகோ அராக்கியின் மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) அது என்பதால் தேர்வு பொருத்தமானதே. ஆனால் விஷயம் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. பியானோ ஒலியைப் பதிவுசெய்து தலைகீழாக ஓடவிட்டிருக்கிறார்கள். சாதாரணப் பியானோ ஒலி ஓங்கி எழுந்து தேயும். தலைகீழாக ஓடும்போது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வீங்கிக்கொண்டே வந்து சட்டென்று அறுபடும். அறுபடும் இடத்தில் ஸ்டீவ் ஹோவின் அகூஸ்டிக் கிட்டார் தனியாக ஒலிக்கும். அனிமேயில் என்ன செய்கிறார்கள்? அந்த வீக்கத்தையும் கிட்டாரையும் உரையாடலுக்கு அடியில் விடுகிறார்கள். பாத்திரம் யாரோ ஆபத்தில் மாட்டும் கணத்தில் படம் உறைகிறது, ஓரத்தில் 'தொடரும்' அம்பு விழுகிறது, பேஸ் கிட்டாரோடு மொத்தக் குழுவும் உள்ளே வருகிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டிலிருந்து அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றரை நிமிடம்தான். அந்த ஒன்றரை நிமிடத்திலும் உலகம் முழுக்கப் பரவியது முதல் சில நொடிகள். யாராவது வழுக்கி விழப்போகும் வீடியோவில் சரியான நொடியில் படத்தை நிறுத்தி அம்பு போடும் மீம் வகை முழுக்க இந்த ஒட்டிலிருந்து பிறந்தது.

89 நொடிக்குள் ஒரு பாட்டு

அரைமணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக அனிமேவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 24 நிமிடம். ஓப்பனிங் 90 நொடி, எண்டிங் 90 நொடி. மிச்சம் இருபது இருபத்தொரு நிமிடம் கதைக்கு. இந்த 90 நொடியிலும் முன்னும் பின்னும் அரை நொடி மௌனம் விடுவது வழக்கம் என்பதால் இசையமைப்பாளர் கையில் உண்மையில் இருப்பது 89 நொடி. இதற்காக வெட்டிய வடிவத்தை 'டிவி சைஸ்' என்பார்கள்.

ஜப்பானியப் பாட்டின் வழக்கமான கட்டமைப்பு: இன்ட்ரோ, அடுத்தடுத்து வரும் இரண்டு மெட்டுப் பகுதிகளான ஏ மெலோ, பி மெலோ, அப்புறம் சபி. சபி என்பது நாம் பல்லவி போலத் திரும்பத் திரும்பக் கேட்கும் உச்சப் பகுதி. கணக்குப் போட்டுப் பார்த்தால் நெருக்கடி புரியும். நிமிடத்துக்கு 128 பீட் வேகத்தில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் 1.875 நொடி. இன்ட்ரோ 4 பார், ஏ 16, பி 8, சபி 16 என்று வைத்தால் மொத்தம் 44 பார், அதாவது 82.5 நொடி. மிச்சம் ஆறரை நொடியில் மூன்று பார் முடிப்பிசையும் கடைசி ஒலி அடங்கவும் இடம் கிடைக்கும். இதுவே நிமிடத்துக்கு 80 பீட் கொண்ட மெதுவான பாட்டு என்றால் ஒரு பார் 3 நொடி. இன்ட்ரோ 4, மற்ற மூன்றும் எட்டெட்டு பார் வைத்தாலே 84 நொடி ஓடிவிடும். எண்டிங்குக்கு மெதுவான பாட்டு எழுதுபவர் ஏ பகுதியில் ஒரு வரிகூட வீணாக்க முடியாமல் போவது இதனால்தான். சிலர் சபியையே முதலில் வைத்துத் தொடங்குகிறார்கள். கதை உச்சத்தில் நிற்கும்போது நேராக உச்ச மெட்டு வந்து விழும். ஒட்டும் வேலையும் சுலபமாகிவிடும்.

இங்கே தவறு நடக்கும் இடமும் உண்டு. முழுப் பாட்டை நாலரை நிமிடத்துக்கு எழுதி முடித்துவிட்டு அதிலிருந்து 89 நொடியை வெட்டினால், பி பகுதியிலிருந்து சபிக்குத் தாவும் இடத்தில் சுருதியோ தாள ஓட்டமோ இடறும். இரண்டாம் சரணத்தில் வரும் முக்கியமான வரி டிவி சைஸில் காணாமல் போகும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் முதலில் 89 நொடியைக் கட்டிவிட்டு அப்புறம் அதை நீட்டுகிறார்கள்.

படத்துக்கு ஏன் நடப்பதும் ஆடுவதும்

ஓப்பனிங்கில் இயக்குநர், கதாசிரியர், இசையமைப்பாளர் போன்ற தலைமைக் குழுவின் பெயர்கள் வரும். அந்தந்த எபிசோடுக்கு மூலப்படம் வரைந்தவர்கள், இடைப்படம் வரைந்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள், பின்னணி ஓவியர்கள், துணை ஸ்டூடியோக்கள், அன்றைய குரல் நடிகர்கள் என்ற நீண்ட பட்டியல் எண்டிங்கில்தான் வரும். அந்தப் பட்டியல் வாராவாரம் மாறும். எழுத்துக்கு இடம் விட்டு, கண்ணை முழுசாக இழுத்துவிடாத படமாக இருக்க வேண்டும். செலவும் குறைவாக இருக்க வேண்டும். ஒரே ஓவியத்தின் மேல் கேமரா மெல்ல நகர்வது, ஒரு பாத்திரம் பக்கவாட்டில் நடந்துகொண்டே இருப்பது ஆகியவை இத்தனை எண்டிங்குகளில் வருவதற்குக் காரணம் இதுதான்.

நடைக்கும் ஒரு கணக்கு உண்டு. அனிமே நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு வரைபடத்தை மூன்று ஃபிரேம் பிடித்து வைப்பது சிக்கனமான வழக்கம். பாட்டு நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம், ஆக ஒரு அடிக்கு 4 வரைபடம். எட்டு வரைபடம் வரைந்தால் இரண்டு அடி. அதையே சுழற்றி ஒன்றரை நிமிடமும் ஓட்டலாம், கால் தாளத்தை விட்டு விலகாது. 128 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு 11.25 ஃபிரேம். கால் ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. அதை 11 என்று வைத்துவிட்டால் நான்கு பீட்டுக்கு ஒரு ஃபிரேம் முந்திப் போகும். ஐந்தாறு பார் கழித்துப் பார்த்தால் கால் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். 11, 11, 11, 12 என்று பிரித்து நான்கு பீட்டுக்கு 45 ஃபிரேம் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். பாட்டு தாமதமாகக் கைக்கு வந்து, உத்தேச வேகத்தில் வரைந்துவிட்ட எண்டிங்குகளில் இந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியும்.

ஆட்டம் இதைவிடக் கடினம். 2006இல் கியோட்டோ அனிமேஷன் செய்த 'சுசுமியா ஹருஹி'யின் 'ஹரே ஹரே யுகாய்' எண்டிங்கில் ஐந்து பாத்திரங்கள் ஆடுகிறார்கள். ஒவ்வொரு கை அசைவும் மனிதர் திரும்ப ஆடக்கூடிய அசைவு. யூடியூப் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்த சமயம் அது. ரசிகர்கள் அறைகளிலும் தெருக்களிலும் ஆடிப் பதிவேற்றினார்கள். எண்டிங் என்பது பார்த்துவிட்டுப் போவதாக இருந்தது, செய்துபார்ப்பதாக மாறியது. 2019இல் 'காகுயா சாமா'வின் மூன்றாம் எபிசோடுக்கு மட்டும் வந்த, சிக்கா என்ற பாத்திரத்தின் ஆட்டம் ரோட்டோஸ்கோப் முறையில் செய்தது. ஒருவரை ஆடவைத்துப் படம்பிடித்து, அதன் மேல் வரைந்திருக்கிறார்கள். பாவாடை சுழன்று அடங்கும் தாமதம், குதித்து இறங்கும்போது முட்டி மடிவது எல்லாம் உயிரோடு இருப்பது அதனால்தான். ஒரே ஒரு முறை ஒளிபரப்பான அந்த எண்டிங், தொடரின் வழக்கமான எண்டிங்கைவிட அதிகம் பேருக்குத் தெரியும்.

கதைக்குள் ஊறிய பாட்டுகள்

எண்டிங்கில் சோகம் வைக்கும் வழக்கம் பழையது. 1974இன் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ' எபிசோட் முடியும்போது கதைசொல்லி, பூமி அழிய இன்னும் இத்தனை நாள்தான் என்று எண்ணிக்கை சொல்வார். அதன் பிறகு இசாவோ சசாகி குரலில் 'சிவப்பு ஸ்கார்ஃப்'. ஓப்பனிங் போருக்குக் கிளம்பும் அணிவகுப்பு. எண்டிங் வழியனுப்பியவளை நினைக்கும் தனிமை. ஒரே தொடரின் இரண்டு முகங்களை இரண்டு பாட்டுக்குப் பிரித்துக் கொடுத்த இந்த முறையைத்தான் பிறகு வந்தவர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

1995இல் 'எவாஞ்சலியன்' நேர் எதிராகச் செய்தது. நகரம் நொறுங்கி, சிறுவன் மனமுடைந்து நிற்கும் எபிசோடுக்குப் பிறகு 'ஃப்ளை மீ டு த மூன்'. பார்ட் ஹோவர்ட் 1954இல் எழுதிய அமெரிக்க ஜாஸ் பாட்டு. நிலா வெளிச்சத்தில் நீருக்குள் ஒரு பெண் உருவம் மெல்லச் சுழல்கிறது, அவ்வளவுதான் படம். ஆறுதல் போலவும் இருக்கும், யாருக்கும் எதுவும் பொருட்டில்லை என்பது போலவும் இருக்கும். கிளேர் லிட்லி பாடியது தொடங்கி, யோகோ தகாஹாஷி, பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த நடிகைகள் என்று எபிசோடுக்கு எபிசோட் வேறு வேறு வடிவம் போட்டார்கள். 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் தொடர் உலகெங்கும் வந்தபோது பல நாடுகளில் இந்தப் பாட்டு இல்லை. தொடரின் பின்னணி இசையை வைத்து நிரப்பியிருந்தார்கள். ரசிகர்கள் கோபப்பட்டதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. கதை கொடுத்த பாரத்தை இறக்கிவைக்கும் இடத்தை எடுத்துவிட்டால் எபிசோடின் முடிவே வேறாகிவிடும். அடுத்தவர் பாட்டை எண்டிங்குக்கு எடுப்பதில் உள்ள நிரந்தர ஆபத்தும் இது. உள்நாட்டு ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை, பல ஆண்டு கழித்து வரும் உலக ஸ்ட்ரீமிங்குக்குத் தானாகச் செல்லாது.

பழைய பாட்டை எடுத்து இதைவிட அழகாகப் பொருத்திய ஒன்று சொல்ல வேண்டுமானால், என் தேர்வு 2011இன் 'அனோஹனா'. சப்போரோவைச் சேர்ந்த ஸோன் என்ற பெண்கள் குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட 'சீக்ரெட் பேஸ்'. பிரிந்து போகும் சிறுவயதுத் தோழமையைப் பற்றிய பாட்டு. பத்தாண்டு கழித்து ஆகஸ்டில் மீண்டும் சந்திப்போம் என்ற நம்பிக்கை அதில் வருகிறது. 'அனோஹனா'வின் கதையும் சிறுவயதில் ஒரு தோழியை இழந்து சிதறிய நண்பர்கள் பல ஆண்டு கழித்துக் கூடுவதுதான். பாட்டு வெளிவந்து சரியாகப் பத்தாண்டு ஆன வருடத்தில், பெண் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த அய் கயானோ, ஹருகா தொமாட்சு, சாவோரி ஹயாமி மூவரும் அதை மறுபடி பாடினார்கள். பாட்டு சபியில் தொடங்குகிறது. கடைசிக் காட்சியில் யாரோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிடும்போது அடியில் மெட்டு கசியத் தொடங்கி, முகத்தின் மேல் பாட்டு வந்து நிற்கும். பெரும்பாலான எபிசோடுகள் இப்படியேதான். கடைசி எபிசோடுக்குள் அந்த மெட்டு கேட்டாலே அழும் அளவுக்குப் பார்வையாளரைப் பழக்கிவிடுகிறார்கள். 2005இல் கலைந்துபோன ஸோன் குழுவினர் அதே 2011 ஆகஸ்டில் மேடையில் மீண்டும் கூடியது தனிச் சிறப்பு.

'பாகேமோனோகதாரி' (2009) ஒட்டை இன்னும் தூரத்தில் வைத்தது. சூப்பர்செல் குழுவின் 'கிமி நோ ஷிரனாய் மோனோகதாரி'யில் சொல்லாமல் போன காதலும், இரவு வானில் டெனெப், அல்டேர், வேகா என்ற மூன்று நட்சத்திரங்களைச் சுட்டிக்காட்டும் காட்சியும் வருகின்றன. பாட்டின் சிடி ஆகஸ்டில் வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில், தொலைக்காட்சியில் வந்த கடைசி எபிசோடான 12ஆம் எபிசோடில், நாயகி தரையில் படுத்துக்கொண்டு அதே மூன்று நட்சத்திரங்களைக் காட்டுகிறாள். வாரக்கணக்காகப் பாட்டாகக் கேட்டது கண்முன் நடக்கிறது. முழுப் பாட்டையும் கேட்டிருந்தவர்களுக்கு அது கொடுத்த அதிர்ச்சியை அனிமேயில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

எண்டிங்கை மறைத்து வைத்தும் விளையாடலாம். 'மடோகா மாகிகா' (2011) மூன்றாம் எபிசோடில்தான் கலஃபினா குழுவின் 'மாகியா'வை எண்டிங்காகப் போடுகிறது. அந்த எபிசோடில் நடக்கும் மரணத்தோடு, அதுவரை இனிப்பான மந்திரச் சிறுமிக் கதை என்று நினைத்திருந்தவர் தலையில் யுகி கஜியுராவின் அந்தக் கனமான இசை இறங்குகிறது. 'கௌபாய் பீபாப்' (1998) 'த ரியல் ஃபோக் ப்ளூஸ்' பாட்டை வாராவாரம் கேட்கவைத்துவிட்டு, கடைசி எபிசோடில் அதை எடுத்துவிட்டு 'ப்ளூ' போட்டது. குரல் அதே மாய் யமானே, இசை அதே யோகோ கன்னோ. ஆனால் கேமரா வானத்தை நோக்கி மேலே போக, பழகிய பாட்டு இனி வராது என்று தெரிந்துவிடும். 'ரீ:ஸீரோ' (2016) 18ஆம் எபிசோடின் நீண்ட உரையாடலுக்குப் பிறகு வழக்கமான எண்டிங்குக்குப் பதிலாக ரெம் பாத்திரத்தின் குரலில் ஒரு பாட்டைப் போட்டது.

எங்கே கெட்டுப்போகிறது

பாட்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இயக்குநர் மட்டுமல்ல. தொடருக்குப் பணம் போடும் தயாரிப்புக் குழுவில் இசை நிறுவனமும் பங்குதாரராக இருக்கும். தன் கலைஞரை முன்னிறுத்த அதற்கு இந்த 90 நொடி விளம்பர நேரம். இதை ஜப்பானில் 'டை-அப்' என்பார்கள். இதனால் நல்லதும் நடந்திருக்கிறது, கதைக்குத் தொடர்பே இல்லாத பாட்டுகளும் வந்திருக்கின்றன. தொண்ணூறுகளின் 'ருரோனி கென்ஷின்' இதற்கு நல்ல உதாரணம். மெய்ஜி காலத்து வாள்வீரன் கதையின் முடிவில் அப்போதைய ராக் குழுக்கள். காலம் ஒட்டாது, ஆனால் சியாம் ஷேடின் '1/3 நோ ஜுன்ஜோ நா கன்ஜோ' போன்றவை பாட்டின் பலத்தாலேயே நின்றன. டை-அப்பின் ஆபத்தும் அதே தொடரில் தெரிந்தது. 1997இல் லார்க் அன் சியெல் குழுவின் எண்டிங் பாட்டு, உறுப்பினர் ஒருவர் கைதானதால் சில எபிசோடுகளிலேயே நிறுத்தப்பட்டது.

இரண்டாவது கோளாறு, மனநிலை முரண். குதூகலமான எண்டிங் உள்ள தொடரில் ஒரு எபிசோட் மரணத்தில் முடிந்தால், இரண்டு நொடி கறுப்புத் திரைக்குப் பிறகு துள்ளலான டிரம்ஸ் விழுந்து எல்லாவற்றையும் நாசமாக்கும். இதற்குக் கைவசம் இருக்கும் வழிகள் மூன்று: ஒலியே இல்லாமல் கறுப்பில் பெயர்களை ஓட்டுவது, கடைசிக் காட்சியின் மேலேயே பெயர்களைப் போட்டு எண்டிங்கைக் கைவிடுவது, அந்த எபிசோடுக்கென்று தனி எண்டிங் செய்வது. இரண்டாவது வழியில் கதைக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாகவும் கிடைக்கும்.

2022இன் 'செயின்சா மேன்' மூன்றாவது வழியையே முழுத் தொடருக்கும் எடுத்துக்கொண்டது. 12 எபிசோடுக்கு 12 கலைஞர்கள், 12 பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் படம்.  ஏழாம் எபிசோடின் அருவருப்பான முத்தத்தைப் பாடகி அனோ தன் 'ச்சூ, தாயோசெய்' பாட்டில் கொண்டாட்டமாக்கினார். 2023 ஆண்டிறுதி கோஹாகு நிகழ்ச்சியில் பாடும் அளவுக்கு அது ஹிட். ஆனால் விலையும் உண்டு. வாராவாரம் கேட்டுப் பழகும் வாய்ப்பு இல்லாததால் பன்னிரண்டில் பல, பாட்டாக நன்றாக இருந்தும், ஒரு முறை கேட்டதோடு நழுவிவிட்டன. 'அனோஹனா' ஒரே பாட்டை வைத்துக் கட்டிய பழக்கம் இதில் சாத்தியமில்லை.

இன்று மிகப் பெரிய சேதம் பார்க்கும் இடத்தில் நடக்கிறது. பெயர்கள் தொடங்கியதுமே ஸ்ட்ரீமிங் செயலி படத்தைச் சுருக்கி அடுத்த எபிசோடுக்குத் தாவுகிறது. இன்ட்ரோ கதைக்குள்ளேயே தொடங்கும் தொடர்களில் ஒட்டின் முதல் பாதி மட்டும் கேட்டு மறு பாதி அறுந்துபோகும். எண்டிங்குக்குப் பிறகு வரும் சிறு காட்சியும், ரசிகர்கள் சி பார்ட் என்று சொல்வது, தவறிவிடும். நெட்ஃபிளிக்ஸில் இணையதளம் வழியாக உங்கள் ப்ரொஃபைல் அமைப்புகளுக்குப் போய், அடுத்த எபிசோட் தானாக ஓடும் தேர்வை எடுத்துவிடலாம். க்ரஞ்சிரோலில் பெயர்களைத் தாண்டும் பொத்தானைத் தொடாமல் விடுங்கள். படத்தை எழுத்து இல்லாமல் பார்க்க வேண்டுமானால், கிரெடிட்லெஸ் எண்டிங்குகளை ப்ளூ-ரே கூடுதல்களில் தருவார்கள். பல நிறுவனங்கள் தங்கள் யூடியூப் சேனலிலும் போடுகின்றன. ஆனால் அவற்றில் முந்தைய காட்சி இருக்காது, படம் சரியாக பாட்டில் தொடங்கும். ஒட்டைப் பார்க்க விரும்பினால் எபிசோடின் கடைசி மூன்று நிமிடத்தை அப்படியே ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 'ஜோஜோ' முதல் சீசனில் ஏதாவது ஒரு எபிசோட், 'அனோஹனா' முதல் எபிசோட், 'சிட்டி ஹன்டர்' முதல் எபிசோட் மூன்றையும் இப்படி அடுத்தடுத்துப் பார்த்தால் இன்ட்ரோவை எந்த வசனத்துக்கு அடியில் நுழைக்கிறார்கள், படத்தை எந்த நொடியில் நிறுத்துகிறார்கள் என்ற வேறுபாடு தெளிவாகத் தெரியும்.